அலைடு, என்.எம்.இ., ஈ.வி.எஸ்.: நம் கல்லூரிகளில் பல்துறைப் படிப்பு ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

தேசியக் கல்விக் கொள்கை 2020இல் வந்ததிலிருந்து, பட்டமளிப்பு விழா மேடை ஏறுகிறவர்கள் பல்துறைக் கல்வி பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இறங்குவதில்லை. கேட்பவர்களுக்கு இது ஏதோ நேற்று வந்திறங்கிய புதுச் சரக்கு என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவர் யாராவது தன் மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்தால், அதில் கிட்டத்தட்ட பாதிப் பேப்பர்கள் அவருடைய முதன்மைப் பாடமான மேஜர் அல்லாதவை என்பது தெரியும். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் அதற்குத் துணையாக வரும் வேறு துறைப் பாடமான அலைடும், பகுதி நான்கில் என்.எம்.இ. எனப்படும் மேஜர் அல்லாத விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் பேப்பர்கள், பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. எல்லாம் சேர்த்து 140 கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) என்பது நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பழகிப்போன கணக்கு. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்று வருடப் பட்டத்துக்குக் கேட்பது 120 கிரெடிட். அதில் மேஜருக்கு 60, மைனருக்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்ற அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், எண்ணிக்கை அளவில் நாம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, அப்படியானால் இத்தனை பேப்பர் எழுதியும் இன்னொரு துறையின் கண்ணால் எதையாவது பார்த்தோம் என்ற உணர்வே இல்லாமல் நம் பிள்ளைகள் ஏன் வெளியே வருகிறார்கள்? என் பதில் இதுதான்: நாம் வெவ்வேறு துறைகளை டைம்டேபிளில் அடுத்தடுத்து உட்கார வைக்கிறோம், அவை ஒரே கேள்விமேல் மோதிக்கொள்ள ஒரு இடம் கொடுப்பதில்லை. இதற்குப் பாடத்திட்டக் குழுவைத் திட்டிப் பயனில்லை, அங்கே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். தடை இருப்பது வேறு மூன்று இடங்களில்: ஆசிரியரின் ஒர்க்லோட், வினாத்தாளின் அமைப்பு, அரசு வேலைக்கான கல்வித் தகுதி.

முதலில் அலைடு. பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவருக்குக் கணிதம் அலைடு, வேதியியல் அலைடு. பி.காம். படிப்பவருக்கு வணிகக் கணிதம், புள்ளியியல். யோசனை என்னவோ அருமையானதுதான், கணக்கு தெரியாமல் இயற்பியல் எப்படிப் படிப்பது? நடப்பது வேறு. அலைடு கணிதத்தை எடுக்க வருகிறவர் கணிதத் துறை ஆசிரியர். பல இடங்களில் அவர் கையில் இருப்பது இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பொதுவாக எழுதிய ஒரே சிலபஸ். லாப்லாஸ் உருமாற்றம் ஒரு யூனிட். அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்து, நேர் உருமாற்றம், எதிர் உருமாற்றம், அதை வைத்து ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பது என்று மூன்று வாரத்தில் முடித்துவிடுவார். அதே மாணவன் மதியம் லேபில் ஒரு மின்தேக்கியை மின்தடை வழியாகச் சார்ஜ் செய்து, பத்து விநாடிக்கு ஒருமுறை மின்னழுத்தம் குறித்து, வரைபடத் தாளில் வளைகோடு போட்டுக்கொண்டிருப்பான். காலையில் கரும்பலகையில் தீர்த்த சமன்பாடுதான் மதியம் வளைகோடாக வந்திருக்கிறது என்று அவனிடம் சொல்ல ஆள் கிடையாது. கணித ஆசிரியருக்கு அந்த லேப் எந்த மாடியில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது, இயற்பியல் ஆசிரியருக்கு இந்த வாரம் அலைடில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஒருவரோடு ஒருவர் பேசச் சொல்லி அவர்கள் வேலையில் எங்கேயும் எழுதியில்லை.

அடுத்து என்.எம்.இ. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ், பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ், மற்ற எல்லோருக்கும் வேறொரு துறையின் விருப்பப் பாடம் என்பது ஏற்பாடு. வழக்கமாக இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றுக்கும் 2 கிரெடிட். பேர் விருப்பப் பாடம், ஆனால் எந்த வகுப்பு எந்தத் துறைக்குப் போகும் என்பதைப் பல கல்லூரிகளில் துறைத் தலைவர்களான எச்.ஓ.டி.க்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஏனென்றால் ஒரு துறைக்கு என்.எம்.இ. கிடைக்காவிட்டால் அங்கே இரண்டு மணி நேரம் குறையும், அப்படி நாலு இடத்தில் குறைந்தால் ஒரு கௌரவ விரிவுரையாளரின் வேலையே கேள்விக்குறியாகும். மாணவர்கள் தரப்பிலும் கணக்கு இருக்கிறது. எந்தத் துறை இன்டர்னலில் தாராளமாகப் போடும், எந்த சார் அட்டெண்டன்ஸில் கெடுபிடி இல்லை என்பதெல்லாம் சீனியர்கள் வழியாகக் கைமாறும் தகவல். நான் இதைத் தப்பென்று சொல்லமாட்டேன். 2 கிரெடிட்டுக்கு யாரும் உயிரைக் கொடுக்க முடியாது. ஆனால் வரலாறு படிக்கும் பெண்ணுக்கு அன்றாட வாழ்வில் வேதியியல் என்று ஒரு பேப்பர் வைத்து, சோப்பு எப்படி வேலை செய்கிறது, பற்பசையில் என்ன இருக்கிறது என்று குறிப்பெழுத வைத்தால், அவளுக்குக் கிடைப்பது ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் இன்னொரு பதிப்பு. அவளுடைய வரலாறு அந்த வகுப்பறைக்கு வெளியே செருப்போடு நிற்கிறது.

மூன்றாவதாகச் சுற்றுச்சூழல் கல்வி, மாணவர்கள் வாயில் ஈ.வி.எஸ். என் கணக்கில் இந்தியாவிலேயே மிகப் பெரிய பல்துறைப் பாடம் இதுதான், ஐ.ஐ.டி.யில் நடக்கும் எந்தப் புதுமையும் இதன் பரப்புக்குப் பக்கத்தில் வராது. இது கல்வியாளர்கள் கூடிப் பேசி வந்த பாடமல்ல, கோர்ட் வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குவது பற்றி வழிகாட்டியது. பன்னிரண்டு வருடம் பெரிதாக எதுவும் அசையவில்லை. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் யு.ஜி.சி. உருவாக்கிய ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லாப் பட்டப்படிப்புகளிலும் நுழைந்தது. அந்தப் பாடத்திட்டத்தை இன்று எடுத்துப் படித்தாலும் மோசமென்று சொல்ல முடியாது. மொத்தம் 50 வகுப்பு, எட்டு யூனிட். இயற்கை வளம், சூழல் அமைப்பு, உயிர்ப்பன்மை, மாசு, சமூகச் சிக்கல்கள், மக்கள்தொகை என்று போய், கடைசி யூனிட் முழுக்கக் களப்பணி: பக்கத்திலிருக்கும் ஆறு, காடு, மலை எதையாவது நேரில் பார்த்துப் பதிவு செய்வது, மாசுபட்ட ஒரு இடத்துக்குப் போய்வருவது, ஒரு குளத்தை ஆராய்வது. நூறு மார்க்கில் 25 அதற்கு.

இதை எடுப்பது யார் என்றால், எந்தத் துறையில் மணி நேரம் குறைகிறதோ அந்தத் துறை. தாவரவியல் ஆசிரியர் எடுத்தால் உயிர்ப்பன்மை யூனிட் உயிரோடு இருக்கும், சட்டங்கள் வரும் இடத்தில் பெயரும் வருடமும் மட்டும் வரும். வணிகவியல் ஆசிரியர் எடுத்தால் நோட்ஸ் டிக்டேஷன்தான். களப்பணி பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கிய படங்களை ஒட்டிய ஒரு ரெக்கார்டு நோட்டாக முடிந்துபோகும். எந்த ஆற்றங்கரையில் கல்லூரி இருந்தாலும் அந்த நோட்டில் இருக்கும் படம் கங்கை.

அந்த 50 மணி நேரத்தை வைத்து என்ன செய்திருக்கலாம் என்று காட்ட எனக்குத் தோன்றும் எடுத்துக்காட்டு திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு. கொங்குப் பகுதிக் கல்லூரிகளின் வாசலிலேயே ஓடுகிற கதை. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் உப்பைக் கொட்டுகிறார்கள். நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் சுமை கொண்டது, வினைச்சாயமும் எதிர்மின் சுமை கொண்டது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழையை நோக்கி நகர்த்துகிறது. அடர் நிறம் என்றால் ஒரு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயே உப்பு போகும். இதில் கவனிக்க வேண்டியது, உப்பு துணியில் தங்குவதில்லை, போட்டது மொத்தமும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை எடுத்துவிடும், கரைந்த உப்பை எடுக்காது. அதனால் பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் வயலில் பாய்ந்தால் பயிர் கருகும், கிணறு உப்புக் கரிக்கும். உப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) சவ்வுகள் வேண்டும், சவ்வு தள்ளிவிடும் மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும், அதற்கு விறகும் மின்சாரமும் வேண்டும்.

இதுவரை வேதியியல். இந்த இடத்தில்தான் பொருளியல் மாணவன் எழுந்து நிற்க வேண்டும். ஆவியாக்கும் செலவைச் சாயப்பட்டறைக்காரர் ஏற்றால் கிலோவுக்குக் கூலி ஏறும், ஏற்றுமதி ஆர்டர் கொடுப்பவர் அந்த ஏற்றத்தைத் தரமாட்டார், பக்கத்துப் பட்டறை அந்தச் செலவைச் செய்யாவிட்டால் வேலை அங்கே போய்விடும். தனியாக நல்லவனாக இருப்பவன் முதலில் கடையை மூடுவான். செலவு ஆற்றில் இறங்கி, கீழே இருக்கும் விவசாயி தலையில் விழுகிறது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியானது, தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள் திறக்காதே என்று போராடினார்கள். அப்புறம் சட்டம். வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்து, அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை இழந்தவர்கள் யார், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், மூடிய பிறகு சாயம் ஏற்றும் வேலை வேறு எங்கே நகர்ந்தது என்று கேட்டால் அது சமூகவியல்.

வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. இந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் வகுப்பு நடத்தலாம். அதை எப்படி அளக்கிறார்கள்? 2100இல் எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது? அதை 1500 ஆக்கினால் செலவு எவ்வளவு ஏறும், யாருக்கு? எண்ணை யார் நிர்ணயிப்பது, ஒப்புக்கொள்ளாதவர் எங்கே போய் முறையிடுவது? இதில் எந்தக் கேள்விக்கும் ஒரு துறை மட்டும் பதில் சொல்லிவிட முடியாது, அதே நேரம் எந்தத் துறையும் தன் வேலையைத் தளர்த்திக்கொள்ளவும் முடியாது. வேதியியல் சரியாகத் தெரியாதவர் நிறம் போய்விட்டதே, தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று வாதாடுவார். துறை அறிவு ஆழமாக இருந்தால்தான் பல்துறை நடக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான். மேலோட்டமாக நாலும் தெரிந்து வைத்திருப்பதற்கு ஒரு பட்டம் தேவையில்லை.

ஒரு கேள்வியிலிருந்து பாடம் பிறப்பது புது விஷயமும் அல்ல. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் சமகால நாகரிகம் என்ற பாடத்தைத் தொடங்கியது, முதல் உலகப் போர் முடிந்த கையோடு, போர், அமைதி பற்றிய கேள்விகளுக்கு விடை தேடி. நூறு வருடம் தாண்டியும் அங்கே அது கட்டாயப் பாடம். சிறு சிறு வகுப்புகள், ஒரே வாசிப்புப் பட்டியல், எடுப்பவர் வரலாற்றுத் துறைக்காரராகவும் இருக்கலாம், தத்துவத் துறைக்காரராகவும் இருக்கலாம். அவர்களுக்கு இருக்கும் பணம் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் பணத்தைவிட முக்கியமான வித்தியாசம், அந்தப் பாடம் எந்தத் துறைக்கும் மிச்ச மணி நேரமாகப் போய்ச் சேருவதில்லை என்பது.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கும். கர்நாடகத்தில் நெடுங்காலமாக மூன்று மேஜர் முறை: இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்து ஒரு பி.எஸ்சி., வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் சேர்ந்து ஒரு பி.ஏ. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2021இல் அங்கே நான்கு வருடப் படிப்பைக் கொண்டுவந்தார்கள், ஆட்சி மாறி 2024இல் பழைய மூன்று வருடத்துக்கே திரும்பினார்கள். மூன்று துறை சமமாகப் படிப்பதால் மாணவருக்கு எம்.எஸ்சி. சேர மூன்று கதவு திறக்கும், அது நல்ல விஷயம். ஆனால் மூன்று துறையும் மூன்று தனி வினாத்தாளோடு தனித்தனியாகவே ஓடும்போது, நம் அலைடில் இருக்கும் அதே பிரிவு அங்கே கொஞ்சம் பெரிய அளவில் இருக்கிறது, அவ்வளவுதான். டெல்லி பல்கலைக்கழகம் 2013இல் நான்கு வருடப் படிப்பைத் தொடங்கி எல்லோருக்கும் 11 அடித்தளப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. கணிதம் ஹானர்ஸ் படிக்க வந்தவரையும் பள்ளிக் கணக்குப் போட வைக்கிறார்கள் என்று ஆசிரியரும் மாணவரும் கொதித்தார்கள், யு.ஜி.சி. தலையிட்டு, 2014 ஜூனில் திட்டமே வாபஸ் ஆனது. 2022இல் நான்கு வருடம் வேறு வடிவில் திரும்ப வந்துவிட்டது என்பது தனிக் கதை.

அறிவியலுக்குள் மட்டும் பார்த்தால் நிலைமை பரவாயில்லை. 2006இல் புனேவிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐசர்களில் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) முதல் இரண்டு வருடம் எல்லா அறிவியலும் எல்லோருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி. 2011இல் தொடங்கிய நான்கு வருடப் படிப்பிலும் முதல் மூன்று செமஸ்டர் பொது. ஆனால் இவை வடிகட்டி எடுத்த சில நூறு பேருக்கானவை, ஆராய்ச்சிக்குப் போகப் போகிறவர்களுக்கானவை. மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு அவற்றை அப்படியே மாதிரியாகக் காட்டுவது வீண்.

இப்போது அந்த மூன்று தடைகளுக்கு வருவோம். உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாக வகுப்பு எடுக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2018 விதி. நொய்யல் வகுப்பில் வேதியியல் ஆசிரியரும் பொருளியல் ஆசிரியரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில் ஏறும்? இருவருக்கும் தந்தால் தணிக்கையில் கேள்வி வரும், பாதி பாதி தந்தால் இருவரும் வரமாட்டார்கள். ஆகவே அந்த வகுப்பு திட்டமிடும்போதே செத்துவிடுகிறது.

அடுத்தது வினாத்தாள், இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம் பேப்பர்கள் பெரும்பாலும் ஐந்து யூனிட். வினாத்தாள் எடுப்பவர் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மார்க் இத்தனை, ஐந்து மார்க் இத்தனை, பத்து மார்க் இத்தனை என்று சரிசமமாக எடுக்க வேண்டும். ஒரு யூனிட்டையும் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டால் அது சிலபஸுக்கு வெளியே என்று புகார் போகும், மொத்தமாக விடைத்தாள் திருத்தும் இடத்தில் கீ ஆன்சர் கேட்பார்கள். மாணவர்களும் நான்கு யூனிட் படித்தால் போதும், ஒன்றை விட்டுவிடலாம் என்று திட்டமிட்டுத்தான் படிக்கிறார்கள். துறைகளை இணைத்து யோசிக்கச் சொல்லிவிட்டு, பரீட்சையில் யூனிட்டுகளைக்கூட இணைக்க விடாமல் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, வேலை. முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் கேட்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.ஏ. வரலாறு படித்தவருக்கு கிராஸ் மேஜர் என்று பெயர் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பட்டத்தின் பெயரில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் அது மூலப் பட்டத்துக்கு இணையானதா என்று உயர்கல்வித் துறை அரசாணை போட வேண்டும், அதற்காகச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் ஏராளம். இந்த நிலையில் சுற்றுச்சூழலும் பொருளியலும் சேர்ந்த ஒரு புதுப் பட்டத்தில் தன் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் அப்பாவைப் பழமைவாதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விதிகளைச் சரியாகப் படித்திருக்கிறார்.

அதனால்தான் புதுப் பட்டங்களைவிட, ஏற்கெனவே இருக்கும் ஈ.வி.எஸ். பேப்பர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அது பகுதி நான்கில் இருக்கிறது, அதைத் தலைகீழாக மாற்றினாலும் பட்டத்தின் பெயர் மாறாது, இணைத்தன்மை அரசாணை எதுவும் வேண்டாம். எல்லாத் துறை மாணவருக்கும் அது கட்டாயம், ஆகவே ஒவ்வொரு துறையிலிருந்தும் எட்டு பேர் என்று கலந்து பிரிவுகள் அமைப்பது ஒரு டைம்டேபிள் வேலை மட்டுமே. தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிகள் ஏராளம், 1978இலேயே இங்கே அந்த முறை தொடங்கிவிட்டது. அவை தங்கள் வினாத்தாளைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். பத்து மார்க் கேள்விகளில் இரண்டை எடுத்துவிட்டு, ஊர் ஆற்றுத் தண்ணீரின் அளவீடு ஒரு அட்டவணை, ஒரு தீர்ப்பின் இரண்டு பத்தி, ஒரு பட்டறையின் செலவுக் கணக்கு மூன்றையும் கொடுத்து, இதை வைத்து ஒரு முடிவு எழுது என்று 20 மார்க்குக்கு ஒரே கட்டாயக் கேள்வி வைத்தால், எல்லா யூனிட்டையும் படித்தாக வேண்டும், டிக்டேஷன் நோட்ஸ் உதவாது. இரண்டு ஆசிரியருக்கும் முழு மணி நேரம் கணக்கில் தரும் முடிவைக் கல்விக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக வைக்கலாம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தானே, பெரிய செலவில்லை. களப்பணிக்கு ஏற்கெனவே ஒரு யூனிட்டும் 25 மார்க்கும் இருக்கிறது. ஆற்றுக்குப் போக ஒரு பஸ்ஸும், அந்த சனிக்கிழமையைப் பணி நாளாகக் கணக்கிடும் ஓ.டி.யும் மட்டும் பிரின்சிபால் தர வேண்டியிருக்கும்.